நான்கு ஜெர்சி, ஒரே உடம்பு: ஒரு கேலிக் கால்பந்து ஆட்டக்காரரின் 14 ஆண்டுகள்

இந்தப் பதிவு பற்றி

அயர்லாந்தில் ஒரு கிராமத்து கேலிக் கால்பந்துக் கிளப்புக்கு நான் பல வருடம் பிசியோவாக இருந்தேன். பகலில் மருத்துவமனை வேலை, செவ்வாய், வெள்ளி மாலைகளில் கிளப் மைதானம். அதற்குச் சம்பளம் கிடையாது. அந்த மைதானத்தில் யாருக்குமே கிடையாது. அங்கே வளர்ந்து கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அணி வரைக்கும் போய், நடுவில் விலகி, மறுபடி போய், இப்போது கிளப்போடு மட்டும் நிற்கும் ஒரு நடுக்கள ஆட்டக்காரரைப் பற்றியது இந்த ஆய்வு. பெயர், ஊர், கவுண்டி எதையும் சொல்லவில்லை. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "நீங்க பண்ண தப்பையும் சேர்த்து எழுதுங்க" என்றார். சேர்த்திருக்கிறேன்.

பின்னணி: ஆட்டமும் ஊரும்

கேலிக் கால்பந்து தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பக்கத்துக்கு 15 பேர். மைதானம் நாம் பார்க்கும் கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது, நீளம் 130 முதல் 145 மீட்டர். பந்தைக் கையில் பிடிக்கலாம், உதைக்கலாம், கையால் தட்டிக் கொடுக்கலாம். ஆனால் நாலு எட்டுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது; தரையில் தட்டியோ, கால்நுனியால் உதைத்துக் கைக்கே திருப்பியோதான் ஓட்டத்தைத் தொடர வேண்டும். குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் கோல், அதற்கு 3 புள்ளி. மேலே, இரு கம்பங்களுக்கு நடுவே போனால் 1 புள்ளி. கிளப் ஆட்டம் 60 நிமிடம், கவுண்டி முதுநிலை (அதாவது மேல்மட்டப் பிரிவு) சாம்பியன்ஷிப் ஆட்டம் 70 நிமிடம்.

விதியைவிட இந்த ஆட்டத்தின் அமைப்புதான் முக்கியம். 1884இல் தர்லெஸ் ஊரில் ஒரு ஹோட்டல் அறையில் தொடங்கிய கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றும் சம்பளமில்லாத ஆட்டக்காரர்களை வைத்தே நடக்கிறது. டப்ளினில் 82,000 பேர் கொள்ளும் குரோக் பார்க்கில் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பார். பயணப்படி உண்டு. கவுண்டி ஆட்டக்காரர்களுக்கு அரசின் சிறு உதவித்தொகை உண்டு. அவ்வளவுதான்.

கிளப் என்பது பெரும்பாலும் தேவாலயப் பங்கை ஒட்டியது. பிறந்த பங்கின் கிளப்புக்கு ஆடுவதுதான் வழக்கம். நம் ஊர்க் கபடிக் குழுவை நினைத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. நம்மூர்ப் போட்டியில் அரையிறுதிக்கு முந்தின நாள் வெளியூர் ஆளைக் காசு கொடுத்து இறக்குவார்கள். அங்கே அது நடக்காது. அப்பா ஆடிய ஜெர்சியைத்தான் பிள்ளையும் போடுவான். கிளப்பில் நன்றாக ஆடுபவரைக் கவுண்டி அணி அழைக்கும். அழைத்தாலும் அவர் கிளப்பை விட்டுப் போவதில்லை. இரண்டுக்கும் ஆடுவார். இந்த ஆய்வில் வரும் சிக்கல் எல்லாம் அந்த "இரண்டுக்கும்" என்ற சொல்லிலிருந்து கிளம்பியதுதான்.

நம் ஆட்டக்காரர் பிறந்தது 1993இல். அப்பாவுக்குச் சின்ன மாட்டுப் பண்ணை. ஊரில் பையன்கள் குறைவு என்பதால் சிறுவர் பிரிவில் பக்கத்துப் பங்கோடு சேர்ந்துதான் அணி அமைக்க முடிந்தது. கிளப் ஆடியது இடைநிலைப் பிரிவில், அதாவது முதுநிலைக்கு ஒரு படி கீழே. உயரமானவர், உயரத்தைவிடப் பந்து எங்கே இறங்கும் என்ற கணக்கு அவருக்கு அதிகம். கோல்காப்பாளர் உதைக்கும் பந்தை நாலு பேர் நடுவே எம்பிப் பிடிப்பார். 2011இல் கவுண்டியின் 18 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு டப்ளினில் பல்கலைக்கழகம், ஆசிரியர் படிப்பு, கூடவே விளையாட்டு உதவித்தொகை. ஊரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான்.

கவனித்தவை: 2013 ஜனவரி முதல் ஏப்ரல் வரை

இருபது வயதில் அவர் நான்கு அணிகளின் ஆளாக இருந்தார். பல்கலைக்கழக அணி சிகர்சன் கோப்பைக்கு. 1911இலிருந்து நடக்கும் போட்டி அது, ஜனவரி பிற்பாதியிலும் பிப்ரவரியிலும் உச்சத்தில் இருக்கும். கவுண்டி முதுநிலை அணி தேசிய லீக்குக்கு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. கவுண்டி 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு மார்ச், ஏப்ரலில் மாகாணப் போட்டி. கடைசியாக நம் கிளப், மார்ச்சில் தொடங்கும் உள்ளூர் லீக்குக்கு. நான்குக்கும் நான்கு பயிற்சியாளர்கள், நான்கு உடற்பயிற்சித் திட்டங்கள். மூன்று இடத்தில் பிசியோவும் உண்டு, அதில் ஒருவன் நான்.

பிப்ரவரியில் ஒரு வாரத்தைப் பின்னால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். செவ்வாய் மாலை டப்ளினிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து கவுண்டிப் பயிற்சி, இரவே திரும்பல். புதன் சிகர்சன் ஆட்டம். வியாழன் 21 வயது அணிப் பயிற்சி, அதற்கும் அதே சாலை. வெள்ளி எடைப் பயிற்சி. சனிக்கிழமை 21 வயது அணிக்கு ஒரு பயிற்சி ஆட்டம், பாதி நேரம் மட்டும் இறக்கினார்கள். ஞாயிறு லீக்கில் மாற்று ஆட்டக்காரராக 25 நிமிடம். இப்படி எழுதினால் பயங்கரமாகத் தெரிகிறது. அன்றைக்கு யாருக்கும் அப்படித் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் முழு வாரத்தைப் பார்க்கவில்லை. கவுண்டி மேலாளர் கணக்கில் அந்தப் பையன் அந்த வாரம் ஒரு பயிற்சியும் 25 நிமிட ஆட்டமும்தான் செய்திருக்கிறான். சோம்பேறியாகக்கூடத் தெரிந்திருப்பான்.

அடிவயிற்றுக்குக் கீழே, தொடையிடுக்கில் வலி இருப்பதாக ஜனவரியிலேயே சொன்னார். ஆட்டத்துக்கு முன்னால் இறுக்கம், உடம்பு சூடானால் போய்விடும், மறுநாள் காலையில் இரண்டு மடங்காகத் திரும்பும். இந்த ஆட்டத்தில் இது புதிய சங்கதி இல்லை. ஓடிக்கொண்டே உதைப்பது, சட்டென்று திரும்புவது, மறுபடி ஓடுவது, இதெல்லாம் தொடையின் உள்தசைகள் இடுப்பெலும்போடு சேரும் இடத்தைத் தொடர்ந்து இழுக்கும். ஆட்டக்காரர்களே அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், "கேலிக் இடுக்கு".

நான் செய்த சோதனை எளிமையானது. ஆட்டக்காரர் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்வார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இரு முழங்கால்களுக்கு நடுவே வைத்து, முடிந்த மட்டும் நெருக்கச் சொல்வோம். முள் எவ்வளவு ஏறுகிறது, வலி வருகிறதா என்று பார்ப்போம். பருவத் தொடக்கத்தில் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் போதும். அவருடைய அளவு பிப்ரவரி முழுக்க இறங்கியது. மார்ச் நடுவில் முள் பாதி வழி ஏறுவதற்குள் முகத்தைச் சுளித்தார்.

இதையெல்லாம்விடத் தெளிவான தகவல் அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. ஒரு திங்கட்கிழமை கிளப்புக்குப் போன் செய்தார். "மாடிப்படியில கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கவாட்டுல இறங்குறான். காருக்குள்ள போறப்போ காலைக் கையால தூக்கி வைக்கிறான். இது சரிதானா?" என்று கேட்டார். இருபது வயதுப் பையன். நான் எடுத்த அளவுகளைவிட அந்தக் கேள்வியில் அதிக விவரம் இருந்தது.

முதல் முடிவும் அதன் காரணங்களும்

அன்று மாலையே ஒரு தாளில் ஜனவரி முதல் அவர் செய்த எல்லாவற்றையும் நாள்வாரியாக எழுதினோம். அவர் நினைவிலிருந்து சொல்ல, நான் எழுத, அம்மா திருத்தினார். நான்கு அணிகளின் வேலை ஒரே தாளில் வந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பில் எலும்புக்குள் வீக்கம். கூடவே இடுப்பு மூட்டின் பந்து வடிவத்தில் கொஞ்சம் புடைப்பு. அந்தப் புடைப்பை அறுவை செய்து செதுக்கிவிடலாம் என்றார் ஒரு நிபுணர். அந்த ஆண்டுகளில் கேலிக் ஆட்டக்காரர்கள் பலர் அந்த அறுவைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் பொறுக்கச் சொன்னார். வலியே இல்லாத ஆட்டக்காரர்களுக்கும் அந்தப் புடைப்பு இருக்கும், படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது என்பது அவருடைய வாதம்.

அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அமுக்கிப் பார்த்தபோது வலி இருந்த இடம் மூட்டு இல்லை, முன்பக்க இணைப்பு. படிப்படியாகத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை அதுவரை ஒழுங்காக யாரும் கொடுத்துப் பார்க்கவும் இல்லை. வெறும் ஓய்வும் மாத்திரையும் மாறி மாறித்தான் நடந்திருந்தன. ஓய்வில் வலி அடங்கும், திரும்பிய மூன்றாம் நாள் வரும், ஏனென்றால் ஓய்வு தசைக்கு வலு சேர்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. அறுவை செய்தாலும் பழைய அட்டவணைக்கே திரும்பப் போகிறார் என்றால், செதுக்கி என்ன பயன்?

எனவே 12 வாரம். முதல் மூன்று வாரம் ஓட்டம் கிடையாது, சைக்கிளும் அசையாமல் நெருக்கும் பயிற்சிகளும் மட்டும். அப்புறம் நேர்கோட்டில் ஓட்டம், பிறகு திருப்பம், கடைசியில்தான் உதை. முள்ளின் அளவு பழைய நிலைக்கு வராமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. நாள்கணக்கை வைத்துப் போகக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்.

நான்கு அணிகளிடமும் பேச வேண்டியிருந்தது. எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முயன்றேன், நடக்கவில்லை. தொலைபேசிதான். பல்கலைக்கழகப் பருவம் முடிந்துவிட்டிருந்தது. 21 வயது அணி முதல் சுற்றிலேயே தோற்று வெளியேறியிருந்தது. ஆக, பாதிச் சிக்கல் தானாகத் தீர்ந்தது. அதை என் சாமர்த்தியத்தில் சேர்க்க முடியாது. கவுண்டி மேலாளர் பத்து நிமிடம் மௌனமும் பேச்சுமாக இருந்துவிட்டு, "சரி, ஜூன்ல குடுத்துடுங்க" என்றார். ஜூன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கிளப் தலைவரிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் ஆட்டக்காரருக்குப் பெரியப்பா மகன்.

அந்தக் கோடை

கவுண்டியின் சாம்பியன்ஷிப் ஆட்டங்களை அவர் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து பார்த்தார். முதல் ஆட்டத்தில் தோல்வி. 2001இல் வந்த விதியால் மாகாணத்தில் தோற்றவர்களுக்குத் தகுதிச் சுற்று என்று அப்போது இன்னொரு வாய்ப்பு இருந்தது. அங்கே ஒன்றில் ஜெயித்து அடுத்ததில் தோற்றார்கள். இந்த "இன்னொரு வாய்ப்பு" ஆட்டக்காரர்களுக்கு நல்லதாக இருந்தது, கிளப்புகளுக்குத் தலைவலியாக இருந்தது. கவுண்டி எப்போது வெளியேறும் என்று தெரியாமல் கிளப் சாம்பியன்ஷிப்புக்கு யாராலும் தேதி குறிக்க முடியவில்லை. கல்யாணத் தேதி வைக்க முடியாமல், வெளிநாடு போக டிக்கெட் எடுக்க முடியாமல், கோடை முழுவதும் இருபது முப்பது பேர் காத்திருந்தார்கள். கவுண்டி தோற்ற மறுவாரமே அவசர அவசரமாக ஆட்டம் வைத்தார்கள்.

ஜூலை கடைசியில் அவர் கிளப்புக்குத் திரும்பினார். முதல் ஆட்டத்தில் அரை மணி நேரம். செப்டம்பரில், தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டிய ஆட்டத்தில் முழு 60 நிமிடம் ஆடினார். கிளப் தப்பித்தது. மறுநாள் காலை நேராகப் படி இறங்கி வந்ததாக அம்மா செய்தி அனுப்பினார்.

கவுண்டி ஆண்டுகள்: 2014 முதல் 2016 வரை

இந்தக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை, அதாவது நன்றாகப் போனது. 32 அணிகள் நான்கு பிரிவாக ஆடும் தேசிய லீக்கில் கடைசிப் பிரிவில் இருந்த கவுண்டி ஒரு படி மேலேறியது. அவர் தொடர்ந்து முதல் 15 பேரில் இருந்தார். படிப்பு முடிந்து சொந்த மாவட்டத்திலேயே ஆசிரியர் வேலை கிடைத்ததால் அந்த இரண்டு மணி நேரச் சாலையும் ஒழிந்தது.

அந்த நாள்வாரித் தாளை 2014 முழுக்க வைத்திருந்தோம். 2015இல் மாதம் ஒரு முறை ஆனது. 2016இல் அது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அவர் நன்றாக இருந்தார், நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். தவறு என்று அவர் சொன்னதும் இதைத்தான்.

கவுண்டி வாழ்க்கை அதற்குள் ரொம்பவே இறுகியிருந்தது. நவம்பர், டிசம்பரில் கூட்டுப் பயிற்சி கூடாது என்று சங்கம் விதி வைத்திருந்தது. அதனால் அந்த மாதங்களில் எல்லாரும் "தனித்தனியாக" ஒரே உடற்பயிற்சிக்கூடத்தில் ஒரே நேரத்தில் இருந்தார்கள். உணவுப் பட்டியல், தூக்கப் பதிவு, காணொளிப் பாடம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 2016இல் ஆடியவர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கவுண்டி ஆட்டக்காரர்கள் வாரத்துக்கு 31 மணி நேரம் வரை இதற்குச் செலவிடுகிறார்கள் என்றது. சம்பளமில்லாத இரண்டாவது வேலை.

ஆட்டமும் மாறியது. டப்ளின் கோல்காப்பாளர் ஸ்டீபன் கிளக்ஸ்டன் காட்டிய வழியில், எல்லா அணிகளும் கோல்காப்பாளரின் உதையைக் கிட்டத்தில் நிற்கும் தன் ஆளுக்கே கொடுக்கப் பழகின. வானத்தில் பிடிப்பவருக்கு வேலை குறைந்தது. ஓடுபவருக்குக் கூடியது. நம் ஆட்டக்காரர் எடையைக் குறைத்து ஓட்டக்காரராக மாறினார். அது அவருக்கு இயல்பாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கேட்டது அவர்கள், செய்தது அவர்.

முழங்கால்: 2017

மே மாதம், வெள்ளி மாலை, கிளப் லீக் ஆட்டம். அதற்கு முந்தின ஞாயிறு கவுண்டிக்காக 70 நிமிடம் ஆடியிருந்தார். இரண்டாம் பாதியில் உயரமாக வந்த ஒரு பந்துக்கு எம்பினார், பிடித்தார், இடதுகாலில் மட்டும் இறங்கினார். இறங்கும்போது இடுப்பில் ஒரு தோள் மோதியது. விதிப்படி தவறில்லாத மோதல்தான். முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அவரே சொல்லிவிட்டார், "சத்தம் கேட்டுச்சு."

ஏ.சி.எல். எனப்படும் முன் குறுக்குத் தசைநார் முழுதாக அறுந்திருந்தது. அவருக்கு அந்த வாரம் இருந்த சோர்வுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கும் அந்த மோதலில் அறுந்திருக்கலாம். ஆனால் அந்த ஆட்டத்தில் அவரை இறக்க வேண்டிய அவசியம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. லீக்கில் நடுவில் இருந்தோம். ஊரார் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர் ஆடாவிட்டால் முணுமுணுப்பு வரும். தாள் கையில் இருந்திருந்தால் 40 நிமிடத்தில் வெளியே எடுத்திருப்பேனா? எடுத்திருப்பேன் என்று நம்ப ஆசை.

ஜூலையில் அறுவை. சங்கத்தின் காயநிதி ஒரு பகுதியைக் கொடுத்தது. அது முழுக் காப்பீடு அல்ல, உச்சவரம்பு உண்டு. மீதியைக் கிளப் வாராவாரம் நடத்தும் லாட்டரிப் பணத்திலிருந்து எடுத்தார்கள். பொதுக்குழுவில் யாரும் கேள்வி கேட்கவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இந்த முறை முடிவு எளிது: ஒன்பது மாதத்துக்கு முன் எந்த ஆட்டமும் கிடையாது, ஒன்பதாம் மாதமும் சோதனையில் தேறினால்தான். ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வேண்டும், தொடை வலுவும் அப்படியே. ஏழாம் மாதத்தில் கவுண்டி அணி ஆள் அனுப்பி விசாரித்தது. காலைக் காட்டினோம். இடது தொடை கண்ணுக்கே மெலிந்து தெரிந்தது. போய்விட்டார்கள். எட்டு வாரம் தரையிறங்கும் பயிற்சி மட்டுமே செய்தார்: பெட்டியிலிருந்து குதி, இரண்டு காலில் இறங்கு, முழங்காலை மடக்கு, பிறகு ஒருவர் தள்ளத் தள்ள அதையே செய். சலிப்பான வேலை. பள்ளியில் தன் மாணவர்களையும் அதைச் செய்ய வைத்தார்.

திரும்பியது 2018 மே மாதக் கடைசியில்.

விலகல்: 2019

2018, 2019 இரண்டு பருவமும் கவுண்டியில் பெஞ்ச்சில் கழிந்தன. வாரம் நாலு நாள் பயிற்சி, ஞாயிறு பத்து நிமிட ஆட்டம். முன்பு சுமை அதிகம் என்பது பிரச்சினை. இப்போது வேறு மாதிரி: பயிற்சி முழுச்சுமை, ஆட்டம் இல்லை. கிளப்புக்கும் கிடைக்கமாட்டார், ஏனென்றால் கவுண்டிப் பெஞ்ச்சில் உட்கார்ந்தவரும் கவுண்டி ஆட்டக்காரர்தான். 2018 முதல் ஏப்ரல் மாதத்தைக் கிளப்புக்கு ஒதுக்குவதாகச் சங்கம் அறிவித்திருந்தது. காகிதத்தில் ஒதுக்கியது.

2019 அக்டோபரில் என்னைக் கூப்பிட்டார். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை, உடம்பு நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குக் குழப்பம். காயம் என்றால் சொல்லிவிட்டு வரலாம், ஊர் ஏற்றுக்கொள்ளும். நன்றாக இருக்கும்போது கவுண்டி ஜெர்சியை வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது? நான் முடிவு சொல்லவில்லை. பழைய மாதிரி ஒரு தாள் எடுத்து அவருடைய ஒரு வாரத்தை எழுதச் சொன்னேன். பள்ளி, பயிற்சி, பயணம், அப்பாவுக்கு முடியாமல் போனதால் மாட்டுக்கொட்டகை வேலை. எழுதி முடித்துவிட்டு, "இதுல எனக்குப் பிடிச்சது எதுன்னு பார்த்தா, ஞாயித்துக்கிழமை இல்லை" என்றார்.

மேலாளரிடம் நேரில் போய்ச் சொன்னார், குறுஞ்செய்தியில் அல்ல. இதைக் குறிப்பிடக் காரணம், மூன்று வருடம் கழித்துக் கதவு திறந்தே இருந்தது என்றால் அதற்கு இந்த ஒரு சந்திப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். ஊரில் சிலர் "விட்டுட்டான்" என்றார்கள். பண்ணைக்குத் தீவனம் வாங்கப் போன இடத்தில் அப்பாவிடமே ஒருவர் கேட்டாராம்.

பின் நடந்தவை: 2020 முதல் 2023 வரை

2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லா ஆட்டமும் நின்றது. ஜூலையில் கிளப் ஆட்டங்களுக்கு முதலில் அனுமதி கொடுத்து, கவுண்டிச் சாம்பியன்ஷிப்பைக் குளிர்காலத்துக்குத் தள்ளினார்கள். தேதி தெரிந்த, ஆட்கள் எல்லாரும் இருக்கிற ஒரு கோடைக்காலம் கிளப்புகளுக்குக் கிடைத்தது. நாடு முழுக்க ஆட்டக்காரர்கள் இது நன்றாக இருக்கிறதே என்றார்கள். 2022இலிருந்து பருவத்தையே இரண்டாகப் பிரித்து, ஜூலைக் கடைசிக்குள் கவுண்டி, அதன் பிறகு கிளப் என்று வைத்ததற்கு அந்தக் கோடையும் ஒரு காரணம்.

எங்கள் கிளப் 2020இல் அரையிறுதியில் தோற்றது. மற்றவர்களின் பருவமும் சீக்கிரமே நின்றது: இறுதியாட்டக் கொண்டாட்டங்களில் கூட்டம் கூடியதால் அக்டோபர் 5 அன்று சங்கம் கிளப் ஆட்டங்கள் அனைத்தையும் நிறுத்திவைத்தது. 2021இல் கிளப் இடைநிலைக் கோப்பையை ஜெயித்து முதுநிலைக்கு ஏறியது. இறுதியாட்டத்தில் அவர் மட்டும் சிறப்பாக ஆடினார் என்று சொன்னால் பொய். அன்று எங்கள் கோல்காப்பாளர்தான் ஆட்டத்தைக் காப்பாற்றினார். ஆனால் பருவம் முழுக்க ஒரு பயிற்சியும் விடாமல் வந்த ஒரு நடுக்கள ஆள் இருந்தது அந்த அணியை மாற்றியது. இளம் பையன்கள் அவரைப் பார்த்து நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

2022இல் புதிய கவுண்டி மேலாளர் அழைத்தார். இந்த முறை போவதற்கு முன் அவர் மூன்று நிபந்தனை வைத்தார். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் கூட்டுப் பயிற்சி இல்லை. பள்ளித் தேர்வுக் காலத்தில் விடுப்பு. அப்புறம், தாளைக் கவுண்டி பிசியோவும் நானும் சேர்ந்து வைத்திருப்போம். மேலாளர் முதல் இரண்டுக்கு யோசித்தார், மூன்றாவதுக்கு உடனே சரி என்றார். அந்த ஆண்டுதான் இரண்டாம் நிலைக் கவுண்டிகளுக்கான டெய்ல்டியன் கோப்பை தொடங்கியது. கவுண்டி அதில் தூரம் போகவில்லை. அவர் எல்லா ஆட்டத்திலும் ஆடினார். 2023க்குப் பிறகு கவுண்டியிலிருந்து ஓய்வு பெற்றார், முப்பது வயதில், காயம் எதுவும் இல்லாமல்.

இன்று இதே நிலை வந்தால்

என் தவறு 2013இல் மட்டும் இல்லை. அந்த ஜனவரியில் நான் தொடையிடுக்கைப் பார்த்தேன், நாட்காட்டியைப் பார்க்கவில்லை. வலி இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கும் முன் "போன ரெண்டு வாரம் என்னென்ன ஆடினே, எவ்வளவு தூரம் கார் ஓட்டினே?" என்று இப்போது முதலில் கேட்கிறேன். கார் ஓட்டுவதையும் கணக்கில் சேர்க்கிறேன். இரண்டு மணி நேரம் மடங்கி உட்கார்ந்த இடுப்போடு நேராகப் பயிற்சிக்கு இறங்குவது சின்ன விஷயமில்லை.

நன்றாக இருக்கும்போது பதிவை நிறுத்தியது அதைவிடப் பெரிய தவறு. காயம்பட்டவரைக் கவனிக்க எல்லாரும் வருகிறார்கள். நன்றாக ஆடுபவரின் சுமையைத்தான் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அமைப்பில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. 21 வயதுப் போட்டி 2018இல் 20 வயதாகவும், 18 வயதுப் போட்டி 17 ஆகவும் குறைந்தன. பிரிந்த பருவம் கிளப்புக்கும் கவுண்டிக்கும் நடுவே இருந்த இழுபறியைப் பெருமளவு தீர்த்தது. ஆனால் வசந்தகால நெரிசல் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் திறமையான 19 வயதுப் பிள்ளை இன்றும் பிப்ரவரியில் ஒன்றுக்கு மேற்பட்ட அணியின் ஆள்தான். கிளப் பிசியோவுக்கு அதை நிறுத்தும் அதிகாரம் கிடையாது, எனக்கும் இருந்ததில்லை. கிளப்பில் இப்போது செய்வது இதுதான்: இரண்டு அணிக்கு மேல் ஆடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு. பிசியோவாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு அம்மா, இன்னொருவருக்குப் பள்ளி ஆசிரியர். வாரம் ஒரு முறை தாளை நிரப்பி எல்லா அணிக்கும் அனுப்புவார். பதில் வராத அணிக்குத் தலைவர் போன் செய்வார். இரண்டு முறை சண்டையாகியிருக்கிறது.

அறுவை வேண்டாம் என்ற 2013 முடிவை இன்றும் மாற்ற மாட்டேன். ஆனால் தொடையின் உள்தசைக்கான பயிற்சியை வலி வந்தபின் தொடங்குவதற்குப் பதில் பருவம் தொடங்கும் முன்னரே எல்லாருக்கும் கொடுப்பேன். சங்கத்தின் 15 நிமிடத் தயார்ப்பயிற்சியோடு அதையும் சேர்த்து இப்போது கிளப்பில் செய்கிறோம். குளிரில் நின்று செய்வதற்குப் பையன்கள் அலுத்துக்கொள்வார்கள்.

2025இல் ஆட்ட விதிகள் மாறின. 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் 2 புள்ளி. கோல்காப்பாளரின் உதை அந்த வளைவைத் தாண்டியே போக வேண்டும், கிட்டத்தில் கொடுக்க முடியாது. வானத்தில் பந்து பிடிக்கும் ஆட்கள் மறுபடி தேவைப்பட்டார்கள். 32 வயதில், ஓரமாக முன்கள மூலையில் ஆடிக்கொண்டிருந்தவரைக் கிளப் மேலாளர் ஏப்ரலில் ஒரு லீக் ஆட்டத்தில் திரும்ப நடுக்களத்துக்கு அழைத்தார். முதல் உதையே உயரமாக வந்தது. இரண்டு பேரோடு சேர்ந்து எம்பினார். நான் பந்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு காலிலும் இறங்கினார்.